பாதியில் நின்று காத்திருக்கும் முட்டையும், கல்கத்தா வைத்தியர் ஒருவரின் கதையும்



வழமை போல இந்த வெள்ளிக்கிழமையும் ஒரு வரலாற்றுப் பதிவு. இம்முறை கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு வீட்டிலுள்ள பெண்களுக்கும் அனுப்பி விடுங்கள். ஆண்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் விளங்கும்.

போன மாதம் பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு மாணவியின் தாத்தா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். உம்மாவுக்குச் சுகமில்லை என்று தங்கையின் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். கல்யாணம் முடித்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

"டீச்சர், எனக்கு முட்டை முடிஞ்சு போயிட்டாம். மாமி ஆக்கள் அப்படித்தான் சொல்றாங்க. அவருக்கு வேற இடத்தில பேசவும் பாக்குறாங்க. அது என்ன டீச்சர், கோழிக்கு முடியிற மாதிரியா?"

யார் பரிசோதித்துச் சொன்னார்கள் என்று கேட்டோம். யாரும் பரிசோதிக்கவில்லை. மாமியின் கூட்டாளி ஒருவர் சொன்னாராம். வயது என்னவென்று கேட்டோம். முப்பத்து மூன்று. மாப்பிள்ளை ஏதும் பரிசோதனை செய்தாரா என்று கேட்டோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கு எதுக்கு டீச்சர்?" என்றார்.

அன்று இரவு எமக்கு நித்திரை வரவில்லை. காரணம் அவருடைய துக்கம் மட்டுமல்ல. கல்வியியற் கல்லூரியில் நாம் விஞ்ஞானம் படித்தவர்கள். கலப்பிரிவையும் முட்டையையும் பற்றி அங்கே நன்றாகவே படித்தோம். ஆனால் பாடசாலைக்கு வந்து முதல் சில வருடங்கள், இனப்பெருக்கப் பாடம் வந்தால் "இதை வீட்டில் வாசித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிய ஆட்களில் நாமும் ஒருவர். வெட்கம் என்று சொல்லிக்கொண்டோம். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பிக்காததால்தான் முப்பத்து மூன்று வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றி மாமியின் கூட்டாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஆகவே இந்தப் பதிவு அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் பதில், அதோடு நாம் செலுத்த வேண்டிய கடனும் கூட.

முதலில் முட்டையைப் பார்ப்போம்.

நம்மில் பலர் நினைப்பது, பெண் வயதுக்கு வந்த பிறகு மாதம் ஒரு முட்டை புதிதாக உற்பத்தியாகிறது என்று. அப்படியில்லை. ஒரு பெண் பிள்ளையின் முட்டைக் கலங்கள் அவள் தன் உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. வயிற்றில் ஐந்தாம் மாதமளவில் அந்தச் சிசுவின் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்திருக்கும். வயதுக்கு வரும்போது 3 அல்லது 4 இலட்சம்தான் மிச்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியே வருவது சுமார் 400 முதல் 500 வரைதான். மற்றவை எல்லாம் மெல்ல மெல்ல அழிந்து போகும். அது நோயல்ல, எல்லாப் பெண்களிலும் நடப்பது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். 1957 டிசம்பரில் நம் நாட்டில் பெரும் வெள்ளம் வந்தது. அந்த வெள்ளம் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த நேரம் உங்கள் உம்மும்மா ஐந்து மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருந்தது உங்கள் உம்மா. உம்மா 1958 இல் பிறக்கிறார். நீங்கள் 1990 இல் பிறக்கிறீர்கள். உங்களை உண்டாக்கிய அந்த ஒற்றை முட்டைக் கலம், 1957 வெள்ளத்தின்போதே உங்கள் உம்மும்மாவின் வயிற்றுக்குள், உங்கள் உம்மாவின் சிறு உடம்புக்குள் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அது காத்திருந்தது. சுப்ஹானல்லாஹ்.

எதற்காகக் காத்திருந்தது? இங்கேதான் ஒடுக்கற்பிரிவு என்ற பாடம் வருகிறது.

நம் உடம்பின் கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 உம்மாவிடமிருந்து, 23 வாப்பாவிடமிருந்து. முட்டையிலும் 46, விந்திலும் 46 இருந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும். ஆகவே முட்டையும் விந்தும் உருவாகும்போது 46 பாதியாகி 23 ஆக வேண்டும். இந்தப் பாதியாக்கும் பிரிவுதான் ஒடுக்கற்பிரிவு. இது இரண்டு கட்டமாக நடக்கும். ஆண்களில் இது தொடங்கினால் நிற்காமல் ஓடி, சில வாரங்களில் விந்தாகிவிடும். பெண்ணில் அப்படியல்ல. சிசு வயிற்றில் இருக்கும்போதே முட்டை இந்தப் பிரிவைத் தொடங்குகிறது. நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து, தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு பிரிவு அப்படியே நின்றுவிடுகிறது. முதலாவது நிறுத்தம் இது. பன்னிரண்டு வருடமும் நிற்கலாம், நாற்பத்தைந்து வருடமும் நிற்கலாம்.

வயதுக்கு வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் கபச்சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஓமோன் திடீரென்று ஏறும். அந்தக் கட்டளை வந்ததும் முதிர்ந்த முட்டை மறுபடி வேலையைத் தொடங்கும். நிறமூர்த்தச் சோடிகள் பிரிந்து, ஒரு பாதி சிறு துணுக்காக வெளியே தள்ளப்படும். பிறகு இரண்டாம் கட்டத்தின் நடுவில் மறுபடி ஒரு நிறுத்தம். அந்த நிலையில்தான் முட்டை சூலகத்திலிருந்து வெளியே வருகிறது. விந்து ஒன்று உள்ளே நுழைந்தால் மட்டும் மிச்சப் பிரிவை முடிக்கும். நுழையாவிட்டால் ஒரு நாளளவில் அது அழிந்து போகும்.

மாத்தளையில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இது புதினமில்லை. விதைநெல்லை எடுத்து வைத்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் முளைக்காது. தண்ணீரில் ஊற வைத்தால்தான் விழிக்கும். முட்டையும் அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், விதைநெல்லை அடுத்த போகத்துக்கு வைப்போம். முட்டை பல பத்து வருடம் காக்கிறது.

இதை மனிதன் கண்டுபிடித்த வரலாறும் நீண்டது.

பிள்ளை உருவாவதற்கு ஆணின் விதைதான் காரணம், பெண் நிலம் மாதிரி, அவள் பொருளை மட்டும் தருகிறாள் என்பது கிரேக்கத்து அரிஸ்டாட்டிலின் கருத்து. பெண்ணுக்கும் விதை உண்டு என்றார் அவருக்குப் பின் வந்த வைத்தியர் கலென். இந்த இரண்டு கருத்துகளையும் வைத்துக்கொண்டு இப்னு சீனா போன்ற நம் அறிஞர்களும் வாதித்திருக்கிறார்கள். யாருமே முட்டையைக் கண்ணால் கண்டதில்லை.

1651 இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி, எல்லா உயிரும் முட்டையிலிருந்தே வருகின்றன என்ற கருத்தைத் தன் நூலின் முகப்புப் படத்திலேயே பொறித்தார். முதலாம் சார்ள்ஸ் மன்னனின் வேட்டை மான்களை அறுத்து அறுத்துத் தேடியும் அவர் முட்டையைக் காணவில்லை. 1672 இல் ஒல்லாந்து வைத்தியர் ரெய்னியர் டி கிராப், சூலகத்தில் நீர் நிறைந்த சிறு குமிழ்களைக் கண்டு அவைதான் முட்டை என்று எழுதினார். நாம் பாடத்தில் கிராபியன் புடைப்பு என்று படிப்பது அவருடைய பெயரில்தான். ஆனால் அது முட்டையல்ல, முட்டை இருக்கும் வீடு. அதற்கு 155 வருடம் கழித்து, 1827 இல், கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர் ஒரு நாயின் புடைப்பைத் திறந்து, உள்ளே கிடந்த மஞ்சள் புள்ளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பாலூட்டியின் முட்டையை மனிதன் சரியாக அடையாளம் கண்டது அன்றுதான். மனித முட்டை மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. ஊசி முனையால் தொட்ட புள்ளியளவு.

அது எப்படி நிற்கிறது, எப்படித் தொடங்குகிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு 1935 இல் கிடைத்தது. அமெரிக்காவின் கிரெகரி பிங்கஸும் என்ஸ்மானும் முயலின் புடைப்பிலிருந்து முட்டையை வெளியே எடுத்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார்கள். ஓமோன் எதுவும் போடவில்லை. முட்டை தானாகவே மறுபடி பிரியத் தொடங்கியது.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். முட்டை தூங்கவில்லை. அது எப்போதும் புறப்படத் தயாராக இருக்கிறது. சுற்றியிருக்கும் புடைப்புக் கலங்கள்தான் "இன்னும் நேரம் வரவில்லை, பொறு" என்று பிடித்து வைத்திருக்கின்றன. பிடியிலிருந்து வெளியே எடுத்ததும் புறப்பட்டுவிட்டது.

அந்தப் பிடி என்னவென்று பின்னர் படிப்படியாக விளங்கியது. முட்டைக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு நிறைய இருக்கும் வரை முட்டை அசையாது. அந்த மூலக்கூறு உடைந்து போகாமல் காப்பதற்கு, சுற்றியுள்ள கலங்கள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற இன்னொன்றைச் சிறு துவாரங்கள் வழியாக முட்டைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எல்.எச். ஓமோன் வந்ததும் அந்த விநியோகம் குறைந்துவிடும். காவல் இல்லாமல் போனதும் முதலாவது மூலக்கூறும் உடையும். முட்டையின் கருவைச் சுற்றிய மென்சவ்வு கரையும். பிரிவு தொடங்கும். தொடக்கிவிடும் பொருள் ஒன்று கலத்துக்குள் இருப்பதை 1971 இல் யோஷியோ மசூயி தவளை முட்டைகளில் காட்டினார். இரண்டாவது நிறுத்தத்தை அவிழ்ப்பது விந்து கொண்டுவரும் ஒரு புரதம். அது நுழைந்ததும் முட்டைக்குள் கல்சியம் அலை அலையாக எழும். அந்த அலைதான் "இனி முடி" என்ற கட்டளை.

இதெல்லாம் ஆய்வுகூடக் கதை, நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரொபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மனித முட்டையை வெளியே முதிரவைக்கலாமா என்று 1960களின் தொடக்கத்திலிருந்து முயன்றார். மொலி ரோஸ் என்ற பெண் வைத்தியர், சத்திரசிகிச்சைகளில் அகற்றப்பட்ட சூலகத் துண்டுகளை அவருக்குக் கொடுத்து உதவினார். மனித முட்டை 12 மணித்தியாலத்தில் முதிரும் என்று பிங்கஸ் எழுதியிருந்தார். எட்வர்ட்ஸ் 12 மணித்தியாலம் காத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பலமுறை செய்தும் அதேதான். கடைசியில் இன்னும் கூடுதலாகக் காத்துப் பார்த்தார். சுமார் 25 மணித்தியாலத்தில்தான் முட்டை அசையத் தொடங்கியது. 36 மணித்தியாலத்துக்கு மேல்தான் விந்தை ஏற்கும் நிலைக்கு வந்தது. 1965 இல் இதை வெளியிட்டார்.

இன்று உலகில் எந்த நாட்டில் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை நடந்தாலும், தாய்க்குக் கடைசி ஓமோன் ஊசி போட்டு ஏறக்குறைய 34 முதல் 36 மணித்தியாலத்தில்தான் முட்டையை எடுப்பார்கள். அவசரப்பட்டால் முட்டை முதலாவது நிறுத்தத்திலேயே இருக்கும். பிந்தினால் தானே வெளியேறிவிடும். எட்வர்ட்ஸ், வைத்தியர் பற்றிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பில் 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் என்ற முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸுக்கு 2010 இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. இனிச் சொல்லப்போவது நம் பக்கத்து நாட்டு வரலாறு. இதைத்தான் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

லூயிஸ் பிறந்து 70 நாட்கள்தான் ஆகியிருந்தன. 1978 ஒக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. செய்திகளில் அவளுக்குத் துர்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் உலகின் இரண்டாவது சோதனைக்குழாய்க் குழந்தை, இந்தியாவின் முதலாவது. இதைச் செய்தவர் வைத்தியர் சுபாஷ் முகர்ஜி. 1931 இல் பிறந்தவர். கல்கத்தாவில் ஒரு கலாநிதிப் பட்டமும் எடின்பரோவில் இன்னொன்றும் பெற்றவர். அவருடன் சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா என்ற இருவர் மட்டும். பெரிய ஆய்வுகூடம் இல்லை, பணமும் இல்லை.

அவர் செய்த முறையைக் கவனியுங்கள். லூயிஸ் பிறக்கக் காரணமான முட்டையை, தாயின் இயற்கையான மாதச் சுழற்சியில் வந்த ஒற்றை முட்டையாகத்தான் இங்கிலாந்துக்காரர் எடுத்தார்கள். முகர்ஜி ஓமோன் ஊசி கொடுத்து ஒரே தடவையில் பல முட்டைகளை முதிரவைத்தார். உருவான முளையத்தை உடனே கருப்பையில் வைக்காமல் உறைய வைத்து, இன்னொரு மாதச் சுழற்சியில், கருப்பை தயாரான நேரத்தில் வைத்தார். முட்டையின் நேரமும் கருப்பையின் நேரமும் ஒன்றாக வராவிட்டால், ஒன்றை நிறுத்திவைத்து மற்றதுக்காகக் காத்திருக்கலாம் என்பது அவருடைய யோசனை. முட்டை தன் வாழ்வில் இயற்கையாகச் செய்வதை அவர் முளையத்துக்குச் செய்தார் என்று சொல்லலாம். ஓமோன் ஊசி, உறைய வைத்த முளையம் இரண்டும் இன்று உலகம் முழுவதும் சாதாரண நடைமுறை.

ஆனால் அன்று யாரும் நம்பவில்லை. மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. குழுவில் இருந்த பலருக்கு இந்தத் துறையில் அனுபவம் கிடையாது. அவருடைய கூற்றை அவர்கள் பொய் என்று தள்ளினார்கள். குழந்தையைக் காட்டி நிரூபித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குழந்தையின் குடும்பத்தார் முன்வரவில்லை. ஊர் என்ன சொல்லும், பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்ற பயம். அந்தக் காலத்தில் பிள்ளை இல்லை என்பதும் வெட்கம், வைத்தியம் செய்து பெற்றோம் என்பதும் வெட்கம். முகர்ஜியும் அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காத்து, தன் பெயரைப் பறிகொடுத்தார்.

ஜப்பானிலிருந்து தன் ஆய்வைப் பற்றிப் பேச அழைப்பு வந்தது. போக அனுமதி கொடுக்கப்படவில்லை. கடைசியில் அவரைக் கண் வைத்திய நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றம் செய்தார்கள். முட்டையையும் ஓமோனையும் வாழ்நாள் முழுக்கப் படித்த மனிதருக்குக் கண் பிரிவில் வேலை. 1981 ஜூன் 19 அன்று, ஐம்பது வயதில், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. 1986 ஓகஸ்ட் 6 அன்று மும்பாயில் ஒரு குழந்தை பிறந்தது. வைத்தியர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி ரி.சி. ஆனந்த குமாரும் அதைச் சாதித்தார்கள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அரச பதிவில் எழுதப்பட்டது. புகழெல்லாம் அவர்களுக்கு. பதினொரு வருடம் கழித்து, 1997 இல் ஆனந்த குமார் கல்கத்தாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே முகர்ஜியின் கைப்பட எழுதிய குறிப்புகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. "முதலாவது நாங்கள் அல்ல, அவர்தான்" என்ற கருத்தில் கரன்ட் சயன்ஸ் சஞ்சிகையில் கட்டுரை எழுதி வெளியிட்டார். யாரும் கேட்காமலே, தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோன மனிதரின் தலையில் வைத்தார்.

இந்தப் பகுதியை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அவர் பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" ஆம் மகன், தெரிந்திருக்காது. அமானிதம் என்றால் அதுதான். யாரும் பார்க்காத இடத்தில் உரிமையை உரியவருக்குக் கொடுப்பது.

2003 இல் தன் 25 ஆவது பிறந்த நாளையொட்டி, அந்தத் துர்காவும் வெளிப்படையாக முன்வந்து, முகர்ஜியின் உழைப்புக்குச் சாட்சி தானே என்று உலகுக்குச் சொன்னார். எழுதி வைத்த தாள்களும், வெட்கத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண்ணும்தான் உண்மையைக் காப்பாற்றினார்கள். நாம் இருக்கும் இந்த மாத்தளையில், அலுவிகாரையில்தான் வாய்மொழியாக இருந்த பௌத்த நூல்கள் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது வரலாறு. எழுதி வைப்பதன் பெறுமதி நம் ஊருக்குத் தெரியாததல்ல.

சரி, இனி அந்தத் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். முட்டை முடிந்து போகுமா?

போகும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு காலத்தில் முடியும். பெரும்பாலானோருக்கு ஐம்பதை அண்டிய வயதில் மாதவிடாய் நிற்கிறது. சிலருக்கு நாற்பதுக்கு முன்பே முடிவதும் உண்டு, ஆனால் அது குறைவு. யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பதை முகத்தைப் பார்த்தோ கல்யாணமாகி எத்தனை வருடம் என்று எண்ணியோ சொல்ல முடியாது. அதற்குக் குருதிப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கின்றன. மாமியின் கூட்டாளியால் அறிய முடியாது.

காத்திருப்பதால் முட்டைக்கு ஒரு பாதிப்பும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. நிறமூர்த்தங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் வளையம் போன்ற புரதம், சிசுப் பருவத்திலேயே கட்டப்பட்டது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை என்றே எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பத்தைந்து நாற்பது வருடத்தில் அந்தக் கட்டு தளரும். தளர்ந்தால் பிரியும்போது பங்கு பிசகும். டவுன் நோய்க்குறியுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு, தாயின் 35 வயதில் சுமார் 350 இல் ஒன்று, 40 வயதில் சுமார் 100 இல் ஒன்று. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. கருச்சிதைவு வயதோடு கூடுவதற்கும் பெரிய காரணம் இதுதான். கருச்சிதைவு நடந்தால் "மழையில நனைஞ்சா", "பாரம் தூக்கினா" என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்கிறோம். அவள் பிறப்பதற்கு முன்பு கட்டிய கட்டு தளர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

அடுத்தது, ஆண்கள் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, கணவன் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பல, சில வேதனையானவை. ஆணுக்கு முதலில் செய்வது விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. அதைக்கூடச் செய்யாமல் ஒன்பது வருடம் ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்த நீதி? ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போக வேண்டும். மனைவிக்கு வயது 35 ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். காத்திருப்பதற்கு முட்டைக்கு எல்லை இருக்கிறது.

இந்தச் சிகிச்சை ஹராமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நாம் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆட்கள் அல்ல, ஆனால் வரலாற்றைச் சொல்லலாம். 1980 மார்ச் 23 அன்று எகிப்தில் ஷெய்க் ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் இது பற்றிப் பத்வா வழங்கினார். கணவன் மனைவி இருவரின் முட்டையும் விந்தும் மட்டும், திருமணம் நிலைத்திருக்கும்போது, மூன்றாம் ஆள் யாரும் இடையில் வராமல் என்றால் அது ஆகுமானது என்பதே அதன் சாரம். லூயிஸ் பிறந்து இரண்டு வருடம் ஆகுமுன்பே நம் உலமாக்கள் அதை ஆராய்ந்து பதில் சொல்லிவிட்டார்கள். உங்களுடைய நிலைமையை உங்கள் பள்ளி ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே "கூடாது" என்று தீர்ப்பளித்துவிடாதீர்கள்.

பிள்ளையைத் தருபவன் அல்லாஹ். முதுமையில் ஸகரிய்யா நபிக்கும், இப்ராஹீம் நபியின் மனைவி ஸாராவுக்கும் பிள்ளை கொடுத்தவன் அவன். ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இல்லை, ஆனால் முஃமின்களின் தாய் என்ற பட்டம் அவருக்கு. இதை அறிந்த சமூகத்தில் "மலடி" என்ற சொல் எப்படி இவ்வளவு காலம் வாழ்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. கல்யாண வீட்டில் பிள்ளையில்லாத பெண்ணை முன்னால் வரவிடாமல் ஒதுக்குவதும், பிறந்த பிள்ளையைத் தூக்கக் கொடுக்காமல் மறைப்பதும் எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது. நடக்கவில்லை என்று யாரும் எழுத வேண்டாம், நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அந்தத் தாத்தாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். ஒரு தாளில் முட்டையின் படத்தையும் கீறிக் கொடுத்தோம். அவர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தங்கையிடம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "நானும் அவரும் ரெண்டு பேரும் கிளினிக் போறோம் டீச்சர்." முடிவு என்ன என்று நாம் கேட்கவில்லை. அது அவர்களுடைய விடயம். இருவரும் சேர்ந்து போகிறார்கள் என்பதே எமக்குப் போதும்.

நாமும் ஒன்றைச் செய்தோம். போன வாரம் இனப்பெருக்கப் பாடம் வந்தது. பக்கத்தைப் புரட்டவில்லை. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கேள்விகள் வந்தன. மணி அடித்த பிறகும் கேட்டார்கள். உம்மும்மாவின் வயிற்றில் தொடங்கிய கதையை ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாளாம். அவளுடைய உம்மும்மா அழுதுவிட்டாராம்.

எழுதியதில் பிழை இருந்தால் கீழே சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். வைத்தியத் துறையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மேலதிக விளக்கம் எழுதினால் இன்னும் நன்று. பிள்ளைக்காகக் காத்திருக்கும் எல்லாத் தம்பதிகளுக்காகவும் இன்றைய ஜும்ஆ நாளில் துஆச் செய்வோம்.

வஸ்ஸலாம்.